கராசுமா ரயிலின் கடைசி நிலையம்

கியோத்தோவின் சுரங்க ரயிலில் கராசுமா வழித்தடத்துக்குப் பச்சை நிறம். அதன் வடகோடி நிலையத்தின் பெயர் கொக்குசாய்கைகான். பன்னாட்டு அரங்கம் என்று பொருள். கியோத்தோ ரயில் நிலையத்திலிருந்து இருபது நிமிடப் பயணம். நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அங்கே இறங்கினேன். என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேரின் தோளில் நீண்ட அட்டைக் குழாய் தொங்கியது. உள்ளே சுருட்டி வைத்த ஆய்வுச் சுவரொட்டி. யாரிடமும் வழி கேட்கத் தேவைப்படவில்லை. குழாய்களைப் பின்தொடர்ந்து நடந்தேன்.

தக்காரகாய்க்கே குளத்தின் கரையில் அந்த அரங்கம் நிற்கிறது. 1966-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் சாச்சியோ ஓதானி. செங்குத்தான தூண் என்று எதையும் எளிதில் காட்டிவிட முடியாது. சாய்ந்த சுவர்களும் சாய்ந்த தூண்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1997 டிசம்பர் 11 அன்று பருவநிலை குறித்த கியோத்தோ நெறிமுறை ஏற்கப்பட்டது இந்தக் கூரையின் கீழ்தான். 2003 மார்ச்சில் மூன்றாவது உலக நீர் மன்றமும் இங்கே கூடியது. தாமிரபரணிப் பாசனக் குளங்களின் மடைகளையும் கலுங்குகளையும் பற்றி ஆராய்கிற எனக்கு, அந்த வாசலில் கால் வைப்பது சாதாரண விஷயமாக இல்லை.

அங்கே நடந்த மாநாட்டில் என் பேச்சுக்கு ஒதுக்கிய நேரம் பதினைந்து நிமிடம். அதற்கு முன்னால் ஆறு மாத வேலை இருந்தது. அந்த வேலை என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் கல்லூரியிலிருந்து எனக்கு முன்னால் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போன இருவரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஆகவே தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கியோத்தோவை வைத்துத்தான் சொல்கிறேன். நான் அறிந்த ஊர் அது.

முதலில் பெயர். நம்மில் பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். அல்லது முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைப் போட்டிருப்பார்கள். மாநாட்டுப் பதிவுப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. விமானச் சீட்டில் ஒரு மாதிரி, அழைப்புக் கடிதத்தில் ஒரு மாதிரி, கட்டுரைத் தலைப்பின் கீழே இன்னொரு மாதிரி என்று ஆகிவிட்டால் விசா கேட்கும்போது விளக்கம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கடவுச்சீட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே எழுத்துகளை அதே வரிசையில் எல்லா இடத்திலும் கொடுங்கள். நான் அப்படித்தான் கொடுத்தேன். என் அடையாள அட்டையில் அப்பா பெயர் பெரிதாகவும் என் பெயர் சிறிதாகவும் வந்தது. ஐந்து நாளும் எல்லோரும் அப்பா பெயரோடு 'சான்' சேர்த்து மரியாதையாக அழைத்தார்கள். பாளையங்கோட்டையைத் தாண்டி அதிகம் போகாத மனிதர் அவர். ஒவ்வொரு முறை அந்த அழைப்பைக் கேட்டபோதும் திரும்பிப் பார்த்தேன். திருத்த மனம் வரவில்லை.

அடுத்தது விசா. மாநாட்டாளர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் 'உங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது' என்ற கடிதத்தை வைத்துக்கொண்டு போனால் நடக்காது. அழைப்பதற்கான காரணத்தைச் சொல்லும் கடிதம், எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள் என்ற நாள்வாரி அட்டவணை, செலவை அவர்கள் ஏற்பதாக இருந்தால் உத்தரவாதக் கடிதம் ஆகியவை ஜப்பானிலிருந்து வர வேண்டும். இவற்றை நீங்களாகக் கேட்டால்தான் அனுப்புவார்கள். சுற்றுலாவுக்கான மின்விசாவில் மாநாட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சுற்றுலாவுக்கு மட்டுமே. அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தடையின்மைச் சான்றுக்கு எழுதிப் போடுங்கள். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர அந்தக் கோப்புக்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

பெட்டி கட்டும்போது மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கிற சில சளி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் ஜப்பானுக்குள் போகக் கூடாதவை. சூடோஎபிட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை. கோடைன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அன்றாடம் சாப்பிடுகிற மாத்திரைகளை ஒரு மாத அளவுக்குள் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே ஜப்பான் அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். மருத்துவர் எழுதிய சீட்டையும் மாத்திரையின் மூல அட்டையையும் கைப்பையிலேயே வையுங்கள். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை அந்த ஒரு வாரத்துக்கு விட்டுவிடுங்கள்.

பழம், பச்சைக் காய்கறி, கறிவேப்பிலை எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். பயிர்நலச் சான்று இல்லாமல் அவற்றை உள்ளே விடமாட்டார்கள். இறைச்சி சேர்ந்த எந்தப் பண்டத்துக்கும் தடை. சின்ன மின்குக்கரை எடுத்துக்கொண்டு போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடைய 230 வோல்ட் குக்கர் அங்கே சரியாகச் சூடேறாது. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். தட்டையான இரண்டு முள் கொண்ட மாற்றுப் பிளக் ஒன்று இருந்தால் போதும். விடுதி அறைகளில் வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்கும். நான் இரண்டு பொட்டலம் அவல், ஒரு பொட்டலம் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போயிருந்தேன். அவலில் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துப் புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் காலை உணவு முடிந்தது.

சென்னையிலிருந்து ஒசாகாவுக்கு நேரடி விமானம் கிடையாது. நான் சிங்கப்பூர் வழியாகப் போனேன். இரவு விமானம், காலையில் கன்சாய் விமான நிலையம். கடலில் மண்ணைக் கொட்டி எழுப்பிய செயற்கைத் தீவில் 1994-இல் திறந்த நிலையம் அது. குடியேற்ற, சுங்கப் படிவங்களை வீட்டிலிருந்தே அரசின் இணையதளத்தில் நிரப்பி, வரும் க்யூஆர் குறியைப் படமாகச் சேமித்துக்கொண்டால் வரிசை விரைவாக நகரும். இறங்கியவுடன் கைப்பேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம். படமாக இருந்தால் கவலையில்லை. அங்கிருந்து ஹருக்கா விரைவு ரயில் கியோத்தோவுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுக்கிறது. விடுதிகளில் அறைச் சாவி பொதுவாகப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தருவார்கள். காலையில் போய் நின்றால் பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே மாற்றுத் துணி, மருந்து, மடிக்கணினி மூன்றையும் கைப்பையில் வைத்திருங்கள்.

அரங்கத்துக்கு அருகில் தங்க வேண்டும் என்று தேடாதீர்கள். அந்தப் பக்கம் சாப்பாட்டுக் கடைகள் குறைவு, மாலைக்குப் பிறகு அமைதியாகிவிடும். கராசுமா தடத்தில் ஷிஜோ, இமதேகாவா போன்ற எந்த நிலையத்தின் அருகிலும் தங்கலாம். ரயில் மாறாமல் நேரே போய் இறங்கலாம். நவம்பரில் மேப்பிள் இலைகள் சிவக்கும் நாள்களிலும், செர்ரி பூக்கும் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்திலும் அறை கிடைப்பது கடினம். கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அறையைப் பதிவு செய்யுங்கள், விசா வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். அறை வாடகையோடு நகரத்துக்கான தங்கும் வரியும் தனியாக உண்டு.

போக்குவரத்துக்கு இக்கோக்கா அட்டை ஒன்று வாங்கிக்கொண்டால் ரயில், பேருந்து, சின்னக் கடைகள் எல்லாவற்றிலும் தொட்டுவிட்டுப் போகலாம். நகரப் பேருந்தில் பின்வாசலில் ஏறி முன்வாசலில் இறங்கும்போது பணம் கொடுக்க வேண்டும். எனக்கு இது முதல் நாள் தெரியவில்லை. ஒரு பள்ளிச் சிறுமி எழுந்து வந்து கையால் காட்டிப் புரியவைத்தாள். ரொக்கமும் வேண்டும். சிறிய உணவகங்கள், கோயில் நுழைவுச் சீட்டு போன்றவற்றுக்கு அட்டை செல்லாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைகள் வேலை செய்கின்றன. கிளம்புமுன் உங்கள் வங்கியில் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். கடவுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அது அங்கே சட்டம்.

இனி மாநாட்டுக்கு வருகிறேன். மேடையின் ஓரத்தில் ஒரு சின்ன மணி இருக்கும். பேச்சு முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒருமுறை அடிப்பார்கள். நேரம் முடிந்ததும் இரண்டு முறை. கேள்வி நேரமும் தீர்ந்தால் மூன்று முறை. 'இன்னும் ஒரே நிமிடம்' என்று நம் ஊரில் தலைவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்வோமே, அது அங்கே செல்லாது. இரண்டாவது மணிக்குப் பிறகும் பேசினால் அடுத்தவருடைய நேரத்தை எடுத்துக்கொண்டதாகத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பதுதான் சரி. நான் அறையில் எட்டு முறை கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்திருந்தேன். பதினோராவது நிமிடத்தில் முடிவுரைக்கு வந்துவிட்டேன்.

கேள்வி நேரத்தில் அவை பெரும்பாலும் அமைதியாக இருந்தது. பேச்சு எடுபடவில்லை என்று முதலில் நினைத்தேன். தேநீர் இடைவேளையில்தான் கேள்விகள் வந்தன. முதியவர் ஒருவர் வந்து இரண்டு கைகளாலும் தம் பெயரட்டையை நீட்டினார். நானும் இரு கைகளால் வாங்கி, பெயரைப் படித்து, என்னுடையதைக் கொடுத்தேன். என் பேச்சில் வந்த 'நீர்ப்பாய்ச்சி' என்ற ஒரு சொல்லைப் பற்றி மட்டும் இருபது நிமிடம் கேட்டார். குளத்து நீரை வயல்களுக்குப் பாய்ச்சும் அந்த வேலையைச் செய்கிறவருக்கு நெல்லாகக் கூலி கொடுப்பார்களா, மழை பொய்த்த ஆண்டில் என்ன செய்வார்கள், மடை திறக்கும் முறையை யார் தீர்மானிப்பார்கள் என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபொரு கராஷிமாவின் எழுத்துகளைப் படித்தவர் அவர். 1995-இல் தஞ்சாவூரில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் கராஷிமா. நான் கியோத்தோ போனதன் முழுப் பயனும் அந்த இருபது நிமிடம்தான். பெயரட்டை ஐம்பதாவது அச்சிட்டுக்கொண்டு போங்கள். வாங்கிய அட்டையைப் பின்பையில் செருகாதீர்கள். அதன் மேல் பேனாவால் எழுதாதீர்கள்.

சைவ உணவு சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஜப்பானியச் சமையலில் தாஷி என்ற சாறுதான் அடித்தளம். கொம்பு என்ற கடற்பாசியோடு, உலர்த்திச் சீவிய கத்சுவோ மீனைச் சேர்த்துப் பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள். மீசோ சூப்பிலும் உதோன் நூடுல்ஸிலும் காய்கறிக் கூட்டிலும் அது இருக்கும். மேலே காய்கறி மட்டும் மிதப்பதைப் பார்த்துச் சைவம் என்று முடிவு செய்ய முடியாது. கடைக்காரர் பொய் சொல்வதில்லை. 'இறைச்சி இல்லை' என்று கேட்டால் இல்லை என்பார். மீன் சாறு அவர் கணக்கில் இறைச்சியாக வராது. ஜப்பானியக் கறி என்று விற்கும் குழம்பின் கட்டியிலும் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ பல சமயம் சேர்ந்திருக்கும். முதல் இரவு நான் உதோன் சாப்பிட்டேன், மறுநாள்தான் உண்மை தெரிந்தது. 'இறைச்சி, மீன், முட்டை, மீன் சேர்ந்த தாஷி எதுவும் சாப்பிடமாட்டேன்' என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதிவாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநாட்டு உதவியாளர்களாக நிற்கும் மாணவர்கள் இரண்டு நிமிடத்தில் எழுதித் தருவார்கள். எனக்கு எழுதித் தந்த மாணவி, கீழே 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்றும் சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிக்காகவே சமையல்காரர்கள் மெனக்கெட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லா நாளும் கைகொடுத்தது தயிர்சாதம். எந்தச் சின்னக் கடையிலும் வேகவைத்த வெள்ளைச் சோறு பொட்டலமாகக் கிடைக்கும், கடையிலேயே சூடாக்கித் தருவார்கள். இனிப்பில்லாத தயிர் டப்பாவும் கிடைக்கும். ஊறுகாய் நம் பெட்டியில் இருக்கிறது. அந்த அரிசி கொஞ்சம் ஒட்டும், தயிரோடு நன்றாகவே சேர்கிறது. ஒரு நாளாவது ஷோஜின் ரியோரி சாப்பிடுங்கள். பௌத்த மடங்களின் சமையல். மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. அராஷியாமாவில் தென்ரியூஜி மடத்தின் உள்ளேயே ஷிகெத்சு என்ற உணவிடத்தில் மதியம் கிடைக்கிறது. எள்ளில் செய்த தோஃபுவின் சுவை இன்னும் நாக்கில் இருக்கிறது.

வரவேற்பு விருந்து நின்றுகொண்டு சாப்பிடும் விருந்து. 'கன்பாய்' என்று எல்லோரும் கோப்பையை உயர்த்தும் வரை யாரும் குடிப்பதில்லை. மது வேண்டாம் என்றால் ஊலோங் தேநீர் கோப்பையை உயர்த்தலாம். ஒருவரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. விருந்துக்குமுன் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சைவர்களுக்கு அங்கே பழமும் ரொட்டியும்தான்.

ஊர் பார்ப்பதற்கு மாலையை நம்பாதீர்கள். கோயில்களும் அருங்காட்சியகங்களும் நான்கு, ஐந்து மணிக்கு மூடிவிடும். நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். காலையை வைத்துக்கொள்ளுங்கள். கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரணவாயில்கள் நிற்கும் ஃபுஷிமி இனாரி எந்நேரமும் திறந்தே இருக்கிறது. ஆறரை மணிக்கு அங்கே போனபோது நாய் கூட்டிப்போகும் முதியவர்கள்தான் இருந்தார்கள். எட்டரை மணிக்கு ரயிலைப் பிடித்து அமர்வுக்கும் வந்துவிட்டேன். ஒரு அரை நாள் கிடைத்தால் சான்ஜுசான்கெந்தோவுக்குப் போங்கள். 1001 கன்னோன் சிலைகளின் முன்னால் காவலர்களாக நிற்கும் 28 பேரில் நாராயணனும் கருடனும் இருக்கிறார்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கியோன் பகுதியின் தனியார் சந்துகளிலும் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம், பத்தாயிரம் யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கிடைத்த அரை நாளில் நான் போனது ஒரு வாய்க்காலுக்கு. நான்சென்ஜி கோயில் வளாகத்துக்குள் சிவப்புச் செங்கல் வளைவுகளின் மேல் ஒரு நீர்ப்பாலம் ஓடுகிறது. சுய்ரோகாக்கு என்று பெயர். 93 மீட்டர் நீளம். 1869-இல் தலைநகரம் தோக்கியோவுக்குப் போனபின் கியோத்தோ களையிழந்தது. ஊரைத் தூக்கி நிறுத்த பிவா ஏரியின் நீரை மலையைக் குடைந்து கொண்டுவருவது என்று முடிவெடுத்தார்கள். இந்த வாய்க்காலைப் பற்றித் தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதியிருந்த தானபே சாக்குரோ என்ற இளைஞரிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 1885-இல் தொடங்கி 1890-இல் முடித்தார். முதல் சுரங்கம் 2,436 மீட்டர். வாய்க்காலின் இறக்கத்தில் 1891-இல் கேயாகே நீர்மின் நிலையம் வந்தது. அந்த மின்சாரத்தில் 1895-இல் ஊருக்குள் டிராம் ஓடியது. அதே காலத்தில், 1887 தொடங்கி 1895 வரை, நம் பக்கத்தில் பென்னிகுவிக் பெரியாற்றுக்கு அணை எழுப்பி நீரை மலைச் சுரங்கத்தின் வழியே வைகைக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். நீர்ப்பாலத்தின் மேல் ஏறி நின்று பார்த்தேன். தெளிந்த நீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கியோத்தோ இன்றும் குடிப்பது பிவா ஏரியின் தண்ணீரைத்தான். இதைப் பார்க்கக் கட்டணமில்லை, கதவுமில்லை. கேயாகே ரயில் நிலையத்தில் இறங்கி, செங்கற்களை முறுக்கிக் கட்டிய சின்னச் சுரங்கவழியில் நடந்தால் பத்து நிமிடம்.

கடைசியாக, எனக்கு இழப்பாக முடிய இருந்த ஒன்று. பயணச் செலவைத் திருப்பித் தருவதாக மாநாட்டாளர்கள் சொல்லியிருந்தார்கள். ஜப்பானில் அதற்கு விமானச் சீட்டின் ரசீது போதாது; ஏறும்போது கிழித்துத் தரும் போர்டிங் பாஸின் அரைச் சீட்டையும் கேட்பார்கள். நான் கைப்பேசியில் இருந்ததைக் காட்டி ஏறியிருந்தேன், அது அடுத்த நாளே மறைந்துவிட்டது. ஊர் திரும்பியபின் விமான நிறுவனத்துக்கு எழுதி, நான் பயணம் செய்ததாகச் சான்று வாங்கி அனுப்பி, பணம் வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை கடன் வாங்கிய பணத்துக்கு வட்டி கட்டினேன். சம்பளம் வாங்கும் என்னால் தாங்க முடிந்தது. உதவித்தொகையில் படிக்கும் ஆய்வு மாணவருக்கு மூன்று மாதம் என்பது பெரிய காலம். விமான நிலைய முகப்பில் கேட்டு ஒவ்வொரு விமானத்துக்கும் தாளில் அச்சிட்ட சீட்டாக வாங்குங்கள். கடவுச்சீட்டின் உள்ளே வைத்து, பணம் கைக்கு வரும் வரை பத்திரப்படுத்துங்கள்.

வெளிநாட்டு மாநாடுகளுக்குப் போய்வந்த ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் துறையில் இந்த ஆண்டு யாருடைய கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். முதல்முறை போகிறவராக இருந்தால் ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, உங்கள் பழைய கடிதங்களையும் படிவங்களையும் எடுத்துக் காட்டுங்கள். நவம்பர் மாநாடு என்றால் அந்த மாலை ஜூன் மாதத்தைத் தாண்டக் கூடாது.